டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டத்தில் ஒரு மாலை: முதன்முறை செல்வோருக்கு முழுமையான வழிகாட்டி

மேடைப்பேச்சைப் பழகுவதற்காக உறுப்பினர்கள் கூடும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் ஒன்றின் கூட்டத்திற்கு விருந்தினராகச் செல்வதற்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. பேச்சில் முன்அனுபவமும் தேவையில்லை. ஆயினும் முகவரியைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் போகாமலே இருப்பவர்கள் பலர். அங்கே என்ன நடக்கும், தம்மை எழுப்பிப் பேசச் சொல்வார்களா, சொன்னால் என்ன செய்வது என்று தெரியாத தயக்கமே அதற்குக் காரணம். அந்தத் தயக்கத்தைப் போக்கும் பொருட்டு, கிளப்பைத் தேடுவதில் தொடங்கி முதல் உரையை முடிப்பது வரையிலான வழியை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

கிளப்பின் அடிப்படை

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்திலுள்ள புளூமிங்டன் நகரில், ஒய்.எம்.சி.ஏ. அமைப்பில் பணியாற்றிய ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர், அங்கு வரும் இளைஞர்களுக்குப் பேச்சுப் பயிற்சி தேவைப்படுவதைக் கண்டு 1905ஆம் ஆண்டளவில் இத்தகைய கூட்டங்களை நடத்திப் பார்த்தார். இன்றைய அமைப்பின் முதல் கிளப் என்று கணக்கில் கொள்ளப்படுவது, அவர் 1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா ஆனா நகரில் தொடங்கிய கிளப்தான். 1973 வரை பெண்கள் முறைப்படி உறுப்பினராக முடியாத நிலை இருந்தது. ஹெலன் பிளான்சார்டு என்ற பெண்மணி 1970இல் ‘ஹோமர்’ என்று ஆண் பெயரில் பதிவு செய்துகொண்டு உள்ளே வந்து, 1985இல் உலக அமைப்பின் முதல் பெண் தலைவராகவும் ஆனார்.

ஸ்மெட்லி வகுத்த முறையின் உயிர்நாடி, அங்கே ஆசிரியர் என்று ஒருவரும் இல்லை என்பதாகும். உறுப்பினர்களே பேசுகிறார்கள், உறுப்பினர்களே நேரம் பார்க்கிறார்கள், ஒருவர் பேச்சை இன்னொருவர் மதிப்பிடுகிறார். இதைப் புரிந்துகொண்டு போனால் அந்த மாலையின் ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்பது விளங்கும். பயிற்சி வகுப்பு என்று எண்ணிப் போனால் முதல் நாளே ஏமாற்றமாக இருக்கும்.

எந்தக் கிளப்புக்குச் செல்வது

உலக அமைப்பான டோஸ்ட்மாஸ்டர்ஸ் இன்டர்நேஷனலின் இணையதளத்தில் ஊர்ப் பெயரை இட்டுத் தேடினால் அருகிலுள்ள கிளப்புகள், அவை கூடும் நாள், நேரம், இடம் ஆகியவை கிடைக்கும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் கிளப்புகள் உள்ளன. தேடும்போது இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். நிறுவனங்களுக்குள் இயங்கும் கிளப்புகள் பல தம் ஊழியர்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளும். ஆகவே ‘கம்யூனிட்டி கிளப்’ எனப்படும், எல்லோருக்கும் திறந்த கிளப்பைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, மொழி. நம் ஊர்க் கிளப்புகளில் பெரும்பான்மை ஆங்கிலத்தில் நடப்பவை. தமிழில் நடக்கும் கிளப்புகள் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் உள்ளன. அலுவலகத் தேவைக்காகப் பேச வருபவர் ஆங்கிலக் கிளப்பைத் தேடுவது இயல்பே. ஆனால் மேடை அச்சம் ஒன்றே தடை என்றால், தாய்மொழியில் பேசக் கிடைக்கும் வாய்ப்பு, அது இணையவழிக் கூட்டமாகவே இருந்தாலும், விரைவாகப் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு சுமைகளை ஒரே நாளில் தூக்க வேண்டிய அவசியமில்லை.

முடிவெடுப்பதற்கு முன் இரண்டு மூன்று கிளப்புகளுக்காவது சென்று பாருங்கள். புதிய கிளப் ஒன்றைத் தொடங்க 20 உறுப்பினர்கள் வேண்டும். தொடங்கிய பின் எண்ணிக்கை கூடும், குறையும். ஐம்பது பேர் இருக்கும் கிளப்பில் கலகலப்பு மிகுதி, ஆனால் பேசுவதற்கு உங்கள் முறை வர நாளாகும். பதினைந்து பேர் இருக்கும் கிளப்பில் ஒவ்வொரு வாரமும் ஏதேனும் ஒரு பொறுப்பு உங்கள் கைக்கு வந்துவிடும். புதியவருக்குச் சிறிய கிளப்பே நல்லது.

கூட்டத்திற்கு முன்

கிளப்பின் தொடர்பு எண்ணுக்கு ‘விருந்தினராக வர விரும்புகிறேன்’ என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். உறுப்பினர் சேர்க்கைக்குப் பொறுப்பான துணைத் தலைவர் பதில் அனுப்புவார். நகரத்துப் போக்குவரத்தைக் கணக்கில் கொண்டு, கூட்ட நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே சேர்ந்துவிடுங்கள், ஏனெனில் உங்களை வரவேற்று, பக்கத்தில் அமர்ந்து, நிகழ்ச்சி நிரலை விளக்கிச் சொல்ல ஒருவருக்கு நேரம் கிடைப்பது அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான். நிகழ்ச்சி நிரலில் ஒவ்வோர் அங்கத்துக்கும் எதிரே பொறுப்பாளர் பெயரும் நேரமும் அச்சாகியிருக்கும். பெயர் இல்லாத இடங்கள் மிகுந்திருந்தால் அந்தக் கிளப்பின் நிர்வாகம் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

விருந்தினர்களை எழுந்து தம்மை அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வார்கள். பெயர், செய்யும் வேலை, இங்கு வந்த காரணம் ஆகிய மூன்றையும் மூன்று வாக்கியத்தில் சொல்லி அமர்ந்தால் போதும். அந்த வாக்கியங்களை வீட்டிலேயே இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எதற்கு அழைத்தாலும் ‘இன்று கவனிக்க மட்டும் வந்திருக்கிறேன்’ என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

கூட்டம் தொடங்குகிறது

சார்ஜன்ட் அட் ஆர்ம்ஸ் என்ற பொறுப்பில் இருப்பவர் கைப்பேசிகளை ஒலியடக்கச் சொல்லிக் கூட்டத்தைத் தொடங்கி வைப்பார். தலைவர் சில சொற்கள் பேசிவிட்டு, அன்றைய நிகழ்ச்சியை நடத்தும் டோஸ்ட்மாஸ்டரிடம் மேடையை ஒப்படைப்பார். கைகுலுக்கி ஒருவர் இறங்க மற்றவர் ஏறுவது இங்குள்ள மரபு. மேடை ஒரு கணமும் வெறுமையாக இருக்காது. அழைக்கப்பட்டவர் இருக்கையிலிருந்து எழுந்து மேடையைச் சென்றடையும் வரை கைதட்டல் தொடர்வதும் அவ்வாறே. கால் நடுங்க நடந்து போகும் ஒருவருக்கு அந்த ஓசை எவ்வளவு துணையாக இருக்கிறது என்பது நடந்து பார்க்கும்போது தெரியும்.

பிறகு பொறுப்பாளர்கள் ஒவ்வொருவராக எழுந்து தம் பணியை விளக்குவார்கள். டைமர் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளால் நேரத்தைக் காட்டுபவர். கிராமேரியன் மொழிப் பயன்பாட்டைக் கவனிப்பவர். அன்றைய சொல் ஒன்றையும் அறிமுகப்படுத்துவார், பேசுவோர் எல்லோரும் அதைப் பயன்படுத்த முயல்வார்கள். ஆ கவுண்ட்டர், பொருளின்றி இடையில் வந்து விழும் ஒலிகளையும் சொற்களையும் எண்ணுபவர்.

தயாரித்த உரைகள்

ஒரு மாலையில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு உரைகள் இருக்கும். ஒவ்வோர் உரைக்கும் பாத்வேஸ் எனப்படும் பாடத்திட்டத்தில் ஒரு குறிக்கோள் உண்டு: ஒருவர் குரல் ஏற்ற இறக்கத்துக்காகப் பேசுவார், இன்னொருவர் உடல்மொழிக்காகப் பேசுவார். அந்தக் குறிக்கோளை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வழக்கமான உரைக்கு 5 முதல் 7 நிமிடம். 5இல் பச்சை, 6இல் மஞ்சள், 7இல் சிவப்பு. சிவப்புக்குப் பிறகு 30 நொடிக்குள் முடித்துவிட வேண்டும்.

விருந்தினராக நீங்கள் இங்கே ஒரு வேலை செய்யலாம். குறிப்பேட்டில் இரண்டே வரி: பேச்சில் உங்கள் மனத்தில் பதிந்த ஓர் இடம், உங்கள் கவனம் வேறெங்கோ போய்விட்ட ஓர் இடம். பல கிளப்புகளில் பேச்சாளருக்குக் கருத்து எழுதிக் கொடுக்கச் சிறு தாள் தருவார்கள். இந்த இரண்டு வரிகளையே அதில் எழுதலாம். அவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மதிப்பீட்டு நேரத்தில் தேவைப்படும்.

டேபிள் டாபிக்ஸ்: முன்தயாரிப்பில்லாப் பேச்சு

புதியவர்கள் மிகவும் அஞ்சுவது இந்தப் பகுதிக்குத்தான். டேபிள் டாபிக்ஸ் மாஸ்டர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு ஒருவர் பெயரைச் சொல்லி அழைப்பார். பெயர் கடைசியில் வருவதால் அவையில் உள்ள எல்லோரும் பதிலை யோசிக்கத் தொடங்கியிருப்பார்கள். பதிலுக்கு 1 முதல் 2 நிமிடம். 1 நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், 2இல் சிவப்பு.

உறுப்பினர்கள் பேசிய பின் விருந்தினர்களிடம் ‘முயன்று பார்க்கிறீர்களா?’ என்று கேட்பார்கள். முடிந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். ‘உங்கள் தெருவில் ஒரே ஒரு மாற்றம் செய்யும் அதிகாரம் கிடைத்தால் எதை மாற்றுவீர்கள்?’ என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். சாலைப் பள்ளம், கழிவுநீர், தெருநாய், குப்பை என்று அடுக்கத் தொடங்குபவர் நாற்பது நொடியில் அடுக்கி முடித்துவிட்டு, மேலே சொல்ல ஒன்றுமின்றி நின்றுவிடுவார். எரியாத தெருவிளக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மாலை ஏழு மணிக்குக் காய்கறிப் பையுடன் திரும்பும் அம்மா, ஒரு கையில் பையும் மறு கையில் கைப்பேசி வெளிச்சமுமாகப் பள்ளத்தைத் தாண்டும் காட்சியைச் சொல்பவருக்கோ இரண்டு நிமிடம் போதாது.

ஆகவே செய்ய வேண்டியவை இவைதாம். மேடைக்கு நடக்கும் நேரத்தை யோசிக்கும் நேரமாக்கிக்கொள்ளுங்கள். அங்கே போய் நின்று ஒரு மூச்சு இழுத்து விடுங்கள். அந்த மௌனம் உங்களுக்கு நீளமாகத் தோன்றும், கேட்பவருக்குத் தோன்றாது. உங்கள் நிலைப்பாட்டை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு ஆதாரமாக, கண்ணால் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். பச்சை அட்டை தெரிந்த பிறகு முதல் வாக்கியத்தை வேறு சொற்களில் சொல்லி முடித்துவிடுங்கள். கேள்வி உங்களுக்குச் சற்றும் பொருந்தாததாக இருந்தால், அது நினைவூட்டும் வேறொன்றைப் பற்றிப் பேசலாம். அதற்கு இங்கே இடமுண்டு.

மதிப்பீடு: மாலையின் முதன்மையான பகுதி

இடைவேளையில் தேநீர் குடித்துவிட்டு, உரைகள்தாம் முடிந்துவிட்டனவே என்று புறப்பட்டுவிடும் விருந்தினர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டத்தின் தரம் தெரிவதும், ஒருவர் அங்கே சேர்ந்தால் வளர்வாரா இல்லையா என்பது முடிவாவதும் இந்தக் கடைசி அரைமணி நேரத்தில்தான்.

ஒவ்வொரு பேச்சாளருக்கும் ஒரு மதிப்பீட்டாளர் நியமிக்கப்பட்டிருப்பார். அவர் 2 முதல் 3 நிமிடம், எல்லோர் முன்னிலையிலும், அந்த உரையில் எது சிறந்தது, எதை மேம்படுத்தலாம் என்று சொல்ல வேண்டும். பாராட்டில் தொடங்கி, பரிந்துரையை நடுவில் வைத்து, பாராட்டில் முடிப்பது பரவலான வழக்கம். ஆனால் வடிவம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. நேர்முகத் தேர்வில் தோற்ற கதையை ஒருவர் பேசினார் என்று கொள்வோம். ‘மிக அருமையான உரை, குரல் தெளிவாக இருந்தது, அவையைப் பார்த்துப் பேசினால் இன்னும் சிறக்கும், வாழ்த்துகள்’ என்று மதிப்பீட்டாளர் சொன்னால், அதை அந்த மாலையின் எந்தப் பேச்சாளருக்கும் சொல்லியிருக்கலாம். அதிலிருந்து அவர் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

நல்ல மதிப்பீடு வேறு விதமாக ஒலிக்கும்: ‘தேர்வாளரின் கேள்வியைச் சொல்லும்போது இடப்பக்கம் திரும்பினீர்கள், உங்கள் பதிலுக்கு வலப்பக்கம் திரும்பினீர்கள், யார் பேசுவது என்று சொல்லாமலே எங்களுக்குப் புரிந்தது. வேலை கிடைக்கவில்லை என்ற வரியைச் சொன்ன மறுகணமே அடுத்த ஆண்டுக்குத் தாவிவிட்டீர்கள். அங்கே இரண்டு நொடி நின்றிருந்தால் அந்தச் செய்தி எங்களையும் தாக்கியிருக்கும். அடுத்த உரையில் மிக முக்கியமான ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, அதன் பின் மனத்துக்குள் இரண்டு எண்ணிவிட்டுத் தொடருங்கள்.’ இடத்தைச் சுட்டுகிறார், விளைவைச் சொல்கிறார், மறுமுறை என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறார். இத்தகைய மதிப்பீடுகள் குறைந்தது இரண்டு கேட்கக் கிடைத்த கிளப் எதுவாயினும் அதில் தயங்காமல் சேரலாம்.

இப்போது உங்கள் குறிப்பேட்டைத் திறந்து, நீங்கள் எழுதிய இரண்டு வரிகளையும் மதிப்பீட்டாளர் சொன்னதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் கவனம் சிதறிய இடத்துக்கு அவர் காரணம் கண்டுபிடித்திருக்கிறாரா? அவர் பாராட்டிய இடத்தை நீங்கள் கவனிக்கவே இல்லையா? இந்த ஒப்பீட்டை மூன்று கூட்டங்களில் செய்தாலே பேச்சைக் கேட்கும் முறை மாறிவிடும். கேட்கும் முறை மாறினால், தாம் பேசும்போது எந்த இடத்தில் நிற்க வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்பது தானாகவே தெரியத் தொடங்கும்.

அடுத்து டைமர், கிராமேரியன், ஆ கவுண்ட்டர் ஆகியோரின் அறிக்கைகள் வரும். ஆ கவுண்ட்டர் அறிக்கையைக் கேட்டுச் சுருங்கிப் போக வேண்டாம். ‘வந்து’, ‘அதாவது’, ‘பார்த்தீங்கன்னா’, ‘ஸோ’, ‘ஆக்சுவலி’ என்று நாம் ஒவ்வொருவரும் ஊன்றி நடக்கும் கோல் ஒன்று இருக்கிறது; அது எது என்று தெரிந்துகொண்டால் போதும், குறையத் தொடங்கிவிடும். ஜெனரல் எவாலுவேட்டர் கூட்டம் முழுவதையும், மதிப்பீட்டாளர்களையும் மதிப்பிடுவார். சிறந்த பேச்சாளர், சிறந்த மதிப்பீட்டாளர் முதலியோரை வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்துப் பரிசளிப்பதும் பல கிளப்புகளில் உண்டு. இறுதியில் விருந்தினர்களின் கருத்தைக் கேட்பார்கள். பொதுவாகப் பாராட்டாமல், உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

சேர்வதும் கட்டணமும்

அன்றே விண்ணப்பத்தை நிரப்ப வேண்டியதில்லை. உலக அமைப்புக்கான சந்தா 6 மாதத்துக்கு 60 டாலர். ஏப்ரல் 1, அக்டோபர் 1 ஆகிய தேதிகளில் புதுப்பிக்க வேண்டும். இடையில் சேர்பவர்கள் மீதமுள்ள மாதங்களுக்கு மட்டும் செலுத்தலாம். புதியவர்களுக்கு 20 டாலர் நுழைவுக் கட்டணம் தனி. அரங்க வாடகை, தேநீர் முதலியவற்றுக்காகக் கிளப் தனியே ஒரு தொகை வசூலிக்கும். ரூபாய்க் கணக்கில் மொத்தம் எவ்வளவு, அதில் கிளப்பின் பங்கு எவ்வளவு என்று பொருளாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். சேர்ந்ததும் பாத்வேஸில் ஒரு பாதையை இணையத்தில் தேர்ந்தெடுப்பீர்கள். ஒவ்வொரு பாதைக்கும் ஐந்து நிலைகள். மூத்த உறுப்பினர் ஒருவரை மென்ட்டராக, அதாவது உங்களுக்கு வழிகாட்டுபவராக, கேட்டுப் பெறுவதும் அப்போதே செய்ய வேண்டியது.

முதல் பொறுப்புகள்

முதல் பொறுப்பாக டைமரைக் கேளுங்கள். எழுந்து நின்று அறிக்கை வாசிக்கும் பழக்கம் வருகிறது, தாள் கையில் இருப்பதால் சொல்ல வேண்டியது என்ன என்ற கவலை இல்லை. அத்துடன் ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்பதும் உடலுக்குத் தெரிந்துவிடும். அடுத்து ஆ கவுண்ட்டர். இவ்விரண்டுக்கும் இடையில் டேபிள் டாபிக்ஸில் ஒரு முறை எழுந்துவிடுங்கள். அதன் பிறகு ஐஸ் பிரேக்கர் எனப்படும் முதல் உரைக்கு, கல்விக்குப் பொறுப்பான துணைத் தலைவரிடம் தேதி வாங்கிவிடுங்கள். தேதி வாங்காதவரை அந்த உரை தயாராகாது.

ஐஸ் பிரேக்கர்

உங்களைப் பற்றிய உரை இது. 4 முதல் 6 நிமிடம். பிறந்த ஊர், படித்த பள்ளி, கல்லூரி, வேலை, குடும்பம் என்று வரிசையாகச் சொன்னால் அது தன்விவரக் குறிப்பை வாசித்ததாகிவிடும். உங்களை இன்று இருக்கும் ஆளாக ஆக்கிய ஒரு நிகழ்ச்சி, ஒரு மனிதர், அல்லது ஒரு முடிவை எடுத்துக்கொண்டு அதை மட்டும் சொல்லுங்கள்.

தமிழில் பேசுபவர்கள் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். நம் மேடை மரபில், அவைத் தலைவர் முதல் ஒலிபெருக்கி அமைத்தவர் வரை ஒவ்வொருவரையும் அடைமொழியுடன் விளிப்பது மரியாதை. நான்கு நிமிட உரையில் அதற்கு இடமில்லை. ‘அவையோர் அனைவருக்கும் வணக்கம்’ என்ற ஒரு வரியே முழு மரியாதையாக அமையும். இரண்டாவது, சொற்கணக்கு. ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லப்படும் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்கு தமிழுக்குப் பொருந்தாது; உருபுகளும் விகுதிகளும் ஒட்டி வருவதால் நம் சொற்கள் நீளமானவை. எழுதிய உரையைக் கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது ஒன்றே வழி. வீட்டில் ஐந்து நிமிடத்தில் முடிந்தால் சரியான அளவு. அவை சிரித்தால் நிற்பதற்கும் அதில் இடமிருக்கும்.

முழு உரையையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் மறந்தால் தொடர் முழுவதும் அறுந்துவிடும். முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் நெட்டுருப் போட்டுக்கொண்டு, நடுப்பகுதியை ஐந்தாறு குறிப்புச் சொற்களாக ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு முன்பே அரங்குக்கு வந்து, நிற்கப் போகும் இடத்தில் நின்று, கடைசி வரிசையைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். உங்கள் மதிப்பீட்டாளரைத் தேடிச் சென்று, எதைக் கவனிக்க வேண்டும் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: ‘நான் வேகமாகப் பேசுவேன், எந்த இடத்தில் வேகம் கூடுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.’ இப்படிக் கேட்டவருக்குப் பொத்தாம்பொதுவான மதிப்பீடு கிடைப்பது அரிது.

பேசி முடித்ததும் மேடையை விட்டு ஓடிவிடாமல், டோஸ்ட்மாஸ்டர் வந்து கைகுலுக்கும் வரை நில்லுங்கள். மதிப்பீட்டின்போது தலையசைத்துக் கேளுங்கள், விளக்கம் சொல்ல வேண்டாம். மதிப்பீட்டுத் தாளில் உள்ள பரிந்துரைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அடுத்த உரைக்கான தேதியை அன்றே வாங்கிவிட்டுப் புறப்படுங்கள். பாத்வேஸின் முதல் நிலையிலேயே இதற்கென ஒரு திட்டம் இருக்கிறது: ஓர் உரையை நிகழ்த்தி, கிடைத்த மதிப்பீட்டைக் கொண்டு மறு உரையைத் திருத்தி நிகழ்த்தி, பிறகு நீங்களே இன்னொருவரின் உரைக்கு மதிப்பீட்டாளராக எழுந்து நிற்க வேண்டும்.